ஆர்ட்ஸ் படிக்கிறாக்களுக்கு என்னத்துக்குப் பிளேன்?

யாழ்ப்பாணம் ரவுணுக்குள்ள இலத்திரனியல் சாமான் விக்கிற ஒரு சின்னக் கடை. பள்ளிக்கூடப் பிள்ளைகள் ப்ரொஜெக்ற்றுக்கு எல்.ஈ.டி.யும் சென்சரும் வாங்க வாற இடம். நாங்கள் நாலு பேர் போய் ஒரு பிரஷ்லெஸ் மோட்டர் கேட்டோம். கடைக்கார அண்ணை மோட்டரை எடுத்து மேசையில வைச்சிட்டுக் கேட்டார்:

"எஞ்சினியரிங்கோ?"

"இல்லை அண்ணை. ஆர்ட்ஸ்."

"அப்ப ஆருக்கு வாங்கிறியள்?"

"எங்களுக்குத்தான். ஒரு பிளேன் செய்யப்போறம்."

அண்ணை சிரிச்சார். "ஆர்ட்ஸ் படிக்கிறாக்களுக்கு என்னத்துக்குப் பிளேன்?"

அந்தச் சிரிப்பில் கெட்ட எண்ணம் எதுவும் இருக்கவில்லை. ஆனால் அது எங்களுக்குப் புதிய சிரிப்பும் இல்லை. சாதாரணதரப் பரீட்சை முடிந்து உயர்தரத்துக்குப் பாடம் தெரிவுசெய்த நாளிலிருந்து கேட்டுக்கொண்டுதான் இருக்கிறோம். 16 வயதில் ஒரு படிவம் தருகிறார்கள். கணிதம், உயிரியல், வணிகம், கலை, 2013க்குப் பிறகு தொழில்நுட்பம். ஒன்றில் அடையாளம் போட்டவுடன் மற்றக் கதவுகள் சாத்தப்படுகின்றன. கணிதம் எடுத்த பெடியன் வீட்டில் மின்விசிறியைக் கழட்டினால் "எங்கட எஞ்சினியர்" என்பார்கள். அதையே கலைப்பிரிவுப் பிள்ளை செய்தால் "உனக்கு உது விளங்காது, வைச்சிட்டுப் போ." கொஞ்சக் காலத்தில் நாங்களே அதை நம்பத் தொடங்கிவிடுகிறோம். வயரைத் தொடப் பயம், கணக்கென்றால் பயம், திருகாணி கழட்டக்கூட ஆரையாவது கூப்பிட வேணும்.

நாங்கள் சொல்ல வருவது ஒன்றுதான். பரீட்சைக்குப் பிரிவு இருக்கட்டும், கைக்குப் பிரிவு வைக்காதீர்கள். இதை வெறுமனே சொன்னால் மேடைப் பேச்சுப் போல இருக்கும். அதனால் நாங்கள் செய்த பிளேனைப் பற்றியே சொல்லுகிறோம்.

எங்களில் ஒருத்தி புவியியல், ஒருத்தர் வரலாறு, ஒருத்தர் தமிழ், மற்றவர் நாடகமும் அரங்கியலும். மின்சாரத்தில் ஓடும், ரிமோட்டில் பறக்கும் மொடல் விமானம் ஒன்றைச் செய்வதற்கு என்ன கணக்குத் தேவைப்பட்டது என்று பிறகு இருந்து எண்ணிப்பார்த்தோம். கூட்டல், பெருக்கல், பிரித்தல், விகிதம். அவ்வளவுதான். எல்லாம் ஒன்பதாம் ஆண்டுக்குள் படித்தவை.

செட்டையின் நீளம் 120 சென்ரிமீற்றர், அகலம் 20. பெருக்கினால் 2400 சதுர சென்ரிமீற்றர். பாரம் எவ்வளவு வரும்? ஒவ்வொன்றாகச் சமையலறைத் தராசில் வைத்தோம். ஃபோம் போட்டும் பசையும் 290 கிராம். மோட்டர் அதன் தாங்கியோடு 55. பற்றரி 180. செட்டையையும் வாலையும் அசைக்கிற 4 சேர்வோ, ஒன்று 9 கிராம் படி 36. மோட்டரின் வேகத்தைக் கட்டுப்படுத்துகிற ஈ.எஸ்.சி. 25, ரிசீவர் 15. சில்லு, கம்பி, வயர் எல்லாம் 59. மொத்தம் 660 கிராம். இதைச் செட்டையின் பரப்பால் பிரித்தால் 100 சதுர சென்ரிமீற்றருக்கு 27.5 கிராம். இந்த எண் சின்னதாக இருந்தால் பிளேன் மெதுவாகப் பறக்கும், பிழை விட்டாலும் திருத்த நேரம் தரும். பெரிதாக இருந்தால் வேகமாகப் போனால்தான் வானில் நிற்கும். பழகிறவைக்கு எங்கட எண் நல்லது.

மோட்டரில் 2212 என்று போட்டிருக்கும். உள்ளே கம்பி சுற்றியிருக்கிற பகுதி 22 மில்லிமீற்றர் அகலம், 12 மில்லிமீற்றர் உயரம் என்று அர்த்தம். பக்கத்தில் 1000 கே.வி. என்று இருக்கும். கே.வி. எண்டோன்ன நாங்கள் கிலோவோல்ற் என்று பயந்துபோனோம். உண்மையில் அது ஒரு வோல்ற்றுக்கு நிமிசத்துக்கு எத்தனை சுற்று என்ற கணக்கு. பற்றரியில் 3 செல், ஒன்று 3.7 வோல்ற், மொத்தம் 11.1. அப்படியென்றால் புரொப்பெல்லர் இல்லாமல் வெறுமனே ஓடினால் நிமிசத்துக்கு 11,100 சுற்று. புரொப்பெல்லர் பூட்டினால் காற்றின் பாரத்தால் குறையும். எங்களுடையது 10 அங்குல நீளம், 4.5 அங்குலப் புரி. புரி என்பது ஒருமுறை சுற்றினால் திருகாணி மாதிரி எவ்வளவு முன்னுக்குப் போக வேணும் என்ற கணக்கு. தராசின் மேல் மோட்டரை இறுக்கிக் கட்டி ஓட்டிப் பார்த்தோம். 700 கிராமுக்கு மேல் இழுத்தது. தன் பாரத்தின் அரைவாசியை இழுத்தாலே பழகுகிற பிளேன் ஒன்று பறந்துவிடும். எங்களிடம் தேவைக்கு அதிகமாகவே இருந்தது.

பற்றரி 2200 மில்லிஅம்பியர் மணி. அதாவது 2.2 அம்பியர் எடுத்தால் ஒரு மணித்தியாலம். சராசரியாக 10 அம்பியர் எடுத்தால் 13 நிமிசம். ஆனால் லிப்போ பற்றரியை அடிவரைக்கும் உறிஞ்சக் கூடாது, ஐந்தில் ஒரு பங்கை மிச்சம் வைக்க வேணும். அப்ப 10 நிமிசம். செல் ஒன்று நிறைந்தால் 4.2 வோல்ற், 3க்குக் கீழே போனால் கெட்டுவிடும். சார்ஜ் ஏத்தும்போது மூன்று செல்லையும் சமமாக ஏற்றுகிற சார்ஜர்தான் பாவிக்க வேணும், பக்கத்தில் ஆள் இருக்க வேணும், மாபிள் துண்டுக்கு மேல் வைக்க வேணும். ஊதின பற்றரியைப் பாவிக்கவே கூடாது. கட்டிலுக்குப் பக்கத்தில் வைத்து ஏத்திவிட்டு நித்திரை கொள்ளாதீர்கள். இதைப் பகிடியாகச் சொல்லவில்லை, லிப்போ பற்றின நெருப்பைத் தண்ணி ஊத்தி லேசில் அணைக்க ஏலாது.

இவ்வளவும்தான் "உனக்கு விளங்காது" என்று சொல்லப்பட்ட விசயம்.

கணக்கு விளங்கியபிறகு கை வேலை. இங்கேதான் எங்களுக்கே சிரிப்பு வந்தது. கம்பஸில் எந்த விழாவுக்கும் மேடைக்கு ரெஜிபோமில் எழுத்து வெட்டுவது ஆர்? நாங்கள். விடிய விடிய இருந்து "முத்தமிழ் விழா" என்று வெட்டின கை இது. பிளேட்டை என்ன கோணத்தில் பிடித்தால் ஓரம் பிய்யாது என்பது தெரியும். ஸ்பிரே பெயின்ற்றை நேராக அடித்தால் ரெஜிபோம் உருகிப்போகும், எல்லாப் பசையும் அதுக்குச் சரிவராது என்பதும் தெரியும். ஃபோம் போட்டின் ஒரு பக்கத் தாளை மட்டும் கீறி, மடித்து, சூட்டுப் பசை விட்டு ஒட்டினால் செட்டை வளைந்து வந்தது. வடிவமைப்புப் படங்கள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. அமெரிக்காவில் இருக்கிற ஃப்ளைட் டெஸ்ட் குழு ஃபோம் போட்டில் செய்யக்கூடிய பல விமானங்களின் அளவுகளை எல்லாருக்கும் திறந்துவிட்டிருக்கிறது. அச்செடுத்து, ஒட்டி, வெட்டினோம்.

இதைவிடப் பெரிய ஆசிரியர் ஒருவர் எங்கட ஊரிலேயே இருக்கிறார். பட்டம். தைப்பொங்கலுக்கு வல்வெட்டித்துறைக் கடற்கரையில் ஏறுகிற பட்டங்களைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். முச்சை கட்டுகிற இடம் ஒரு விரல் மாறினால் பட்டம் ஏறாது, அல்லது குத்தும். அது காற்றுக்கு முகம் காட்டுகிற கோணத்தைத் திருத்துகிற வேலைதான். பிளேன் செட்டைக்கும் அதே விதி. முச்சை கட்டிப் பழகின எந்தப் பெடியனிடமும் ஆரும் "நீ கணிதப்பிரிவோ?" என்று கேட்டதில்லை. 1899இல் ரைட் சகோதரர்கள் செட்டையை முறுக்கித் திருப்புகிற யோசனையை முதலில் சோதித்துப் பார்த்ததும் ஒரு பட்டத்தில்தான். 1903 டிசம்பர் 17இல் 12 வினாடி பறந்த அந்த இரண்டு பேரிடமும் உயர்நிலைப் பள்ளிச் சான்றிதழ்கூட இல்லை, சைக்கிள் கடை வைத்திருந்தவர்கள். அவர்களுக்குத் துணையாக நின்ற தங்கச்சி கதரின், லத்தீன் படிப்பித்த ஆசிரியை. ஆர்ட்ஸ்!

இதுவரைக்கும் சொன்னதை வாசித்தால், கலைப்பிரிவுக்காரராலும் எஞ்சினியர் வேலை செய்ய ஏலும் என்று நிறுவ வந்திருக்கிறோம் போல இருக்கும். அது பாதிதான். மற்றப் பாதியை எங்களுக்குச் சொல்லித்தந்தது ஒரு அம்மம்மா.

பறக்கவிட இடம் வேணும். யாழ்ப்பாணத்தில் வீடும் மதிலும் வயரும். அதோடு பலாலியில் விமான நிலையம் இருக்கிறது, அந்தப் பக்கம் நினைத்துப் பார்க்கவே கூடாது. புவியியல் படிக்கிற தோழியின் ஊர் வன்னியில். மாசியில் பெரும்போக அறுவடை முடிந்தால் வயல் வெட்டை. விடிய வெள்ளனக் காற்றும் இராது. அங்கே போவதென்று முடிவெடுத்தோம்.

முதல்நாள் பின்னேரம் அவளின் வீட்டு முற்றத்தில் வைத்து மோட்டரை ஓட்டிப் பார்த்தோம். சின்ன மோட்டர்தான். ஆனால் வேகம் கூட்டக் கூட்ட ஒரு கீச்சலான இரைச்சல் எழும்பும். வண்டு இரையிற மாதிரி. அப்படித்தான் எங்களில் ஒருத்தர் சொன்னார், "வண்டு மாதிரி இரையுது" எண்டு. சொல்லி முடிக்க முதல் குசினிக்குள்ள பாத்திரம் விழுந்த சத்தம் கேட்டது. அம்மம்மா வெளியில வரேல்லை. உள்ளே போய்ப் பார்த்தால் அடுப்புக்குப் பக்கத்தில் சுவரோடு ஒட்டி இருக்கிறா. கண் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தது.

வன்னியில் 2008, 2009 காலத்தை அறிந்தவர்களுக்கு வண்டு என்றால் பூச்சி இல்லை. ஆளில்லாமல் மேலே சுற்றிச் சுற்றி வேவு பார்த்த விமானத்துக்குச் சனம் வைத்த பேர் அது. வண்டு வந்து சுற்றிவிட்டுப் போனால் பின்னால் என்ன வரும் என்று எல்லாருக்கும் தெரியும். தோழிக்கு அப்போது ஆறு வயது. அவளுக்குப் பங்கரின் மண் மணம் ஞாபகம், சத்தம் ஞாபகம் இல்லை. எங்களில் மற்ற மூன்று பேருக்கும் அது வெறும் கதை. நாங்கள் பாரத்தைக் கணக்குப் பார்த்தோம், இழுவையைக் கணக்குப் பார்த்தோம், பற்றரி நிமிசத்தைக் கணக்குப் பார்த்தோம். இந்தச் சத்தம் ஆரின் காதில் விழும் என்று கணக்குப் பார்க்கவில்லை. அதுவும் வரலாறு படிக்கிற ஒருவர் கூட இருந்தும்!

கொஞ்ச நேரம் கழித்து அம்மம்மா தானாகவே வெளியில் வந்தா. பிளேனைத் தொடவில்லை. தூரத்தில் நின்று கேட்டா:

"உதுக்குள்ள ஒண்டும் இல்லைத்தானே பிள்ளை?"

நாங்கள் மூடியைக் கழட்டிக் காட்டினோம். இது பற்றரி அம்மம்மா. இது மோட்டருக்குக் கரண்ட் குடுக்கிறது. இது கையில இருக்கிற ரிமோட் சொல்லுறதைக் கேக்கிறது. இது வாலை ஆட்டுறது. கமரா இல்லை. வேற ஒண்டும் இல்லை. அவ குனிந்து ஒவ்வொன்றாகப் பார்த்தா. பிறகு பற்றரியைக் காட்டிக் கேட்டா, "உது எவ்வளவு நேரம் ஓடும்?"

"பத்து நிமிசம்."

"பத்து நிமிசத்துக்கோ இவ்வளவு பெரிய பற்றரி!" என்றுவிட்டுத்தான் அந்தக் கதையைத் தொடங்கினா. தொண்ணூறுகளில் பொருளாதாரத் தடை. ரோர்ச் பற்றரிகூட வடக்குக்கு வராது. கரண்ட் இல்லை. செய்தி கேட்க வேணும். சைக்கிளைக் கவிட்டு வைச்சு, டைனமோவில இருந்து ரேடியோவுக்கு வயர் இழுத்து, ஒரு ஆள் பெடலைச் சுத்த மற்றாக்கள் சுத்தி இருந்து கேட்பினம். சுத்துற ஆள் களைச்சால் செய்தி வாசிக்கிறவற்ற குரலும் களைச்சுப்போகும். மண்ணெண்ணெய் மிச்சம்பிடிக்க ஜாம் போத்திலில் விளக்கு. மண்ணெண்ணெயில் ஓடின மோட்டச்சைக்கிள், ஸ்ராட் எடுக்க மட்டும் துளி பெற்றோல்.

இது எங்கள் வீடுகளிலும் சொல்லப்பட்ட கதைதான். ஆனால் திறந்த பிளேனுக்குப் பக்கத்தில் இருந்து கேட்டபோது வேறுமாதிரிக் கேட்டது. அந்த டைனமோவை ரேடியோவோடு இணைத்தவர்கள் ஆர்? கடை வைத்திருந்தவர், தோட்டம் செய்தவர், சங்கீத ரீச்சர், பள்ளிக்கூடம் போகாத பெடியன். ஆரும் எந்தப் பிரிவென்று கேட்கவில்லை. தேவை கேட்கவிடவில்லை. அந்தக் காலத்தைப் பொற்காலம் என்று நாங்கள் சொல்லமாட்டோம். அப்படி ஒரு தேவை இனி ஆருக்கும் வரவே கூடாது. ஆனால் ஒன்று கேட்கலாம்தானே? தடைக்குள் இருந்த சனத்தின் கைக்குத் தெரிந்தது, தடை இல்லாத காலத்தில் படிக்கிற எங்கள் கைக்கு ஏன் தெரியாமல் போனது? பற்றரி கடையில் கிடைக்கிறது. யூரியூப்பில் ஆயிரம் பேர் சொல்லித்தருகிறார்கள். இல்லாமல் போனது "நானும் செய்து பார்க்கலாம்" என்ற எண்ணம் மட்டும்தான்.

அடுத்தநாள் விடியப் பறக்கவிடவில்லை. அந்த ஒரு நாளை அயலுக்காக ஒதுக்கினோம். அனுமதி எடுக்கிற வேலை ஏற்கெனவே முடிந்திருந்தது. அதுக்கு அலைந்த அலைச்சல் தனிக் கதை. ஒரு இடத்தில் கேட்டால் மற்ற இடத்தைக் காட்டுவார்கள், அங்கே போனால் கடிதம் கேட்பார்கள். ஆனாலும் கேட்கத்தான் வேணும். இந்த நாட்டில் ஆளில்லா விமானங்களுக்குச் சிவில் விமான சேவைகள் அதிகாரசபையின் பதிவும் விதிகளும் இருக்கின்றன. 2019 ஏப்ரல் குண்டுவெடிப்புகளுக்குப் பிறகு கொஞ்சக் காலம் ட்ரோன் பறப்பதையே நிறுத்தி வைத்தார்கள். "விளையாட்டுச் சாமான்தானே" என்று நினைத்து ஆரும் சும்மா ஏத்திவிடாதீர்கள். எங்கட இடங்களில் அதன் விளைவு விளையாட்டாக இராது.

ஆனால் அனுமதிக் கடிதத்தில் அம்மம்மா இல்லை. அயலட்டையும் இல்லை. அதனால் வீடு வீடாகப் போனோம். பிளேனைக் கையோடு கொண்டுபோய், மூடியைத் திறந்து காட்டி, "நாளைக்கு விடிய ஆறரைக்கு வயலில் விடப்போறம், சத்தம் கேட்கும், பயப்பிடாதேங்கோ" என்றோம். சிலர் சிரித்தார்கள். ஒருவர் "கலியாண வீட்டு ட்ரோனோ?" என்று கேட்டார். ஒரு வீட்டில் மட்டும், "தம்பியவை, தூரத்து வெட்டைக்குக் கொண்டுபோய் விடுங்கோ, இவருக்குச் சரிவராது" என்று உள்ளே இருந்தவரைக் காட்டிச் சொன்னார்கள். அரைக் கிலோமீற்றர் தள்ளிப் போனோம். அடுத்தமுறைக்கு மெதுவாகச் சுற்றுகிற மோட்டரும் பெரிய புரொப்பெல்லரும் பூட்டுவதென்றும் முடிவெடுத்தோம். சுற்றுக் குறைந்தால் அந்தக் கீச்சல் குறையும்.

இதுதான் மற்றப் பாதி. சத்தத்தைக் குறைப்பது எஞ்சினியர் வேலை. குறைக்க வேணும் என்ற கேள்வி வாறது எங்கே இருந்து? எந்தச் சொல்லுக்குள் எந்தக் காலம் ஒளிந்திருக்கிறது என்று பார்க்கிறது தமிழ்த்துறையிலும் வரலாற்றுத்துறையிலும் நாங்கள் தினம் செய்கிற வேலைதானே. பிரிவுகளைப் பூட்டி வைத்தால் நட்டம் ஆர்ட்ஸ்காரருக்கு மட்டுமென்று நினைக்காதீர்கள். வண்டு என்ற சொல்லைத் தெரியாமல் மோட்டர் பூட்டுகிறவருக்கும் நட்டம், அவர் பூட்டியதுக்குக் கீழே இருக்கிறவருக்கும் நட்டம்.

சரி, பறந்ததோ? அதையும் சொல்லிவிடுகிறோம்.

முதல்முறை விழுந்தது. எறிந்தவுடன் மூக்கைத் தூக்கிக்கொண்டு நேராக மேலே போனது, வேகம் செத்தது, வால் பக்கமாகச் சரிந்து வயலில் குத்தியது. நாலு வினாடிகூட இராது. முதல் வாரம் மோட்டர் இல்லாமல் கையால் எறிந்தபோது வடிவாக மிதந்த அதே பிளேன். என்ன பிழை? இருந்து யோசித்தோம். வீடு வீடாகக் காட்டப் போக முதல், பயமில்லாத நிறமாக இருக்கட்டும் என்று வாலில் மஞ்சள் ரேப் சுற்றியிருந்தோம். தராசில் வைத்தால் 15 கிராம். சின்னப் பாரம்தான், ஆனால் அது இருப்பது பிளேனின் நடுப்புள்ளியிலிருந்து 60 சென்ரிமீற்றர் பின்னால். 15ஐ 60ஆல் பெருக்கி மொத்தப் பாரமான 675ஆல் பிரித்துப் பாருங்கள். புவியீர்ப்பு மையம் 1.3 சென்ரிமீற்றர் பின்னுக்குப் போய்விட்டது. செட்டையின் முன்விளிம்பில் இருந்து 5, 6 சென்ரிமீற்றருக்குள் இருக்க வேண்டிய புள்ளி அது. மொடல் விடுகிறவர்களிடம் ஒரு பேச்சு இருக்கிறது: மூக்குப் பாரமான பிளேன் வடிவாகப் பறக்காது, வால் பாரமானது ஒருமுறைதான் பறக்கும்.

ரேப்பைக் கழட்டுவோமா என்று பார்த்தோம். வேண்டாம், நிறம் இருக்கட்டும். 180 கிராம் பற்றரியை 5 சென்ரிமீற்றர் முன்னுக்குத் தள்ளினோம். பெருக்கிப் பிரித்தால் அதே 1.3. உடைந்த மூக்கைச் சூட்டுப் பசையால் ஒட்டி, புரொப்பெல்லர் மாற்றி, பின்னால் நின்று செட்டையும் வாலும் ரிமோட் சொல்லுகிற பக்கத்துக்கு அசைகிறதா என்று பார்த்து, திரும்ப எறிந்தோம்.

போனது. நெல் அடிக்கட்டைக்கு மேலாக ஏறி, வரம்பைத் தாண்டி, பாலை மரத்தடிக்கு முன்னால் வளைந்தது. எங்களை நோக்கித் திரும்பியபோதுதான் அடுத்த பாடம். பிளேன் உங்களைப் பார்த்து வரும்போது அதன் இடது உங்கள் வலது. விரல் மாறிப்போகும். உங்களை அதன் இருக்கையில் இருத்தி யோசித்தால்தான் சரியாகத் திருப்பலாம். நாடகம் படிக்கிறவருக்கு இது கஷ்டமாகவே இருக்கவில்லை, ரிமோட்டை அவரிடமே கொடுத்துவிட்டோம். ஏழு நிமிசம் பறந்து இறங்கியது. அம்மம்மா வரம்பு வரைக்கும் வந்து நின்றவ. பறந்து முடியும்வரை ஒன்றும் சொல்லவில்லை. இறங்கின பிறகு "மஞ்சள் வடிவாத் தெரிஞ்சுது" என்று மட்டும் சொன்னா.

இதை வாசிக்கிற சிலர் கேட்பீர்கள்: காசு? நியாயமான கேள்வி. 2022இல் இருந்து இந்த நாட்டில் சாமான் விலை என்னவென்று எங்களுக்கும் தெரியும். நாங்கள் நாலு பேர் மகாபொலக் காசில் மாதம் மாதம் மிச்சம்பிடித்துத்தான் சேர்த்தோம். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். விலை கூடின சாமான்கள் ரிமோட்டும் சார்ஜரும். இரண்டும் பிளேனோடு விழுகிறதில்லை, தரையில்தான் இருக்கின்றன. ஒரு ஊருக்கே ஒன்று போதும். உடைகிறது ஃபோம் போட், அது புத்தகக் கடையில் கிடைக்கிற மலிவான சாமான். மோட்டர் இல்லாத கிளைடர் என்றால் ரெஜிபோம் பெட்டித் துண்டிலேயே செய்யலாம், அதுவும் புவியீர்ப்பு மையத்தைச் சொல்லித்தரும்.

எங்கட ஊர்களில் சனசமூக நிலையங்கள் இருக்கின்றன. காலமை பேப்பர் வாசிக்கிறவர்கள் போனபிறகு பல நிலையங்களில் மேசை சும்மா கிடக்கிறது. அந்த மேசையில் ஒரு பிளேட், ஒரு சூட்டுப் பசைத் துவக்கு, ஒரு சோல்டரிங் அயன், ஒரு தராசு. ஊருக்குப் பொதுவாக ஒரு ரிமோட், ஒரு சார்ஜர். சனிக்கிழமைப் பின்னேரம் திறந்து வையுங்கள். எந்தப் பிரிவென்று கேட்காமல் பிள்ளைகளை விடுங்கள். பெட்டைப் பிள்ளைகளையும் விடுங்கள், இதைத் தனியாகச் சொல்ல வேண்டியிருப்பதே வெட்கம். பட்டம் கட்டத் தெரிந்த ஒரு ஐயாவைக் கூப்பிட்டு முச்சையைப் பற்றிக் கதைக்கச் சொல்லுங்கள். டைனமோவில் ரேடியோ கேட்ட ஒரு அம்மாவையும் கூப்பிடுங்கள். கலைப்பிரிவில் இருக்கிற தம்பி தங்கச்சிமாருக்கு ஒரு வேண்டுகோள்: ஆராவது "உனக்கு விளங்காது" என்றால், ஒருக்காத் திறந்து பாருங்கோ. மூடியில் நாலு திருகாணிதான்.

போன கிழமை அந்தக் கடைக்குத் திரும்பப் போனோம். புரொப்பெல்லர் வாங்க. அண்ணை எங்களை மறக்கவில்லை.

"என்ன, விழுந்துட்டுதோ?"

"விழுந்தது அண்ணை. பிறகு பறந்தது."

"என்ன பிழை?"

சொன்னோம். 15 கிராம், 60 சென்ரிமீற்றர், 1.3. அவர் கல்குலேற்றரை எடுத்துத் தட்டிப் பார்த்தார். பிறகு உள்ளே திரும்பி, வேலைக்கு நிற்கிற பெடியனைக் கூப்பிட்டார்.

"டேய், இஞ்ச வா. இவை சொல்லுறதை ஒருக்காக் கேள்."